கட்டே நோய்க்கு நான் பூசிய மஞ்சள்

விதைக் கம்பெனி முதலாளிக்கு ஒரு பழக்கம் இருந்தது. நான் வரைந்த படங்களைப் புரட்டுவதற்கு முன் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொள்வார். மேசையில் எந்நேரமும் நேந்திரங்காய் வறுவல் இருக்கும். அந்த எண்ணெயும் எச்சிலும் சேர்ந்து என் புடலங்காயின் நுனியில் பழுப்பு வட்டமாகப் படியும். நான்கு நாள் உட்கார்ந்து வரைந்த படமாக இருக்கும் அது. வீட்டுக்குப் போய் அந்த இடத்தைப் பஞ்சால் ஒற்றி எடுப்பேன். ஆனாலும் மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து அங்கேயேதான் போய் நிற்பேன். நானும் ஒன்றும் சுத்தமில்லை. தூரிகை முனை கூராக வேண்டுமென்று அதை உதட்டில் வைத்து இழுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு வயிற்றுக்குள் போயிருக்கிறதோ.

எங்கள் வீடு எல்லைக்கு மலையாளப் பக்கம், நல்லேப்பிள்ளியில், நெல் வயலை ஒட்டி. பக்கத்துச் சித்தூரில் தாவரவியல் படித்தேன். என் வகுப்பில் பாதிப்பேருடைய ரெக்கார்டு நோட்டில் இருக்கும் வேரும் தண்டும் நான் வரைந்து கொடுத்தவை. படிப்பு முடிந்து இரண்டு வருடம் வேறு வேலை எதுவும் அமையவில்லை. மாநில எல்லையை ஒட்டி ஒரு விதைக் கம்பெனியில் படம் வரைய ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், என்னுடைய ரெக்கார்டு நோட்டுகளையே பையில் போட்டுக்கொண்டு போனேன். முதலாளி நான்கு பக்கம் பார்த்தார். அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

ஒவ்வொரு வருடமும் ஆடிப்பட்டத்துக்கு முன் கம்பெனி ஒரு கேட்லாக் போடும். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. ஆனைகட்டி உரக்கடையிலிருந்து போடிமெட்டுப் பக்கத்து ஏலக்காய்க் கடைகள் வரைக்கும் அது போகும். மற்ற கம்பெனிகள் போட்டோவுக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இங்கே மட்டும் கையால் வரைந்த படங்கள். முதலாளியின் அப்பா ஆரம்பித்து வைத்த வழக்கம் அது.

“போட்டோவுல எல்லாக் கத்திரிக்காயும் ஒண்ணாத்தானுங்க தெரியும். கையில வரைஞ்சு வெச்சாத்தானுங்க அம்மிணி, சனங்களுக்கு ஆசை வரும்,” என்பார்.

முதல் வாரமே ஒரு கத்திரிக்காயைக் கொடுத்து வரையச் சொன்னார். கம்பெனியின் சொந்தத் தோட்டத்தில் காய்த்தது. இருந்தது இருந்தபடி வரைந்தேன். இலை படிந்து வெளுத்திருந்த பக்கத்தை வெளுப்பாகவே காட்டினேன். காம்புக்குக் கீழே புழு போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அதையும், அதன் வாயில் ஈரமாக ஒட்டியிருந்த புழுக்கழிவையும்கூட விடவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் கழிவை வரைந்ததில்தான் எனக்குப் பெருமை அதிகம். அவ்வளவு பொடியான ஒன்றை அவ்வளவு சரியாக நான் அதற்கு முன் வரைந்ததில்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, இதென்னங்க இது?”

“காய்ப்புழு போட்ட ஓட்டைங்க சார்.”

“ஓட்டையப் பாத்துப்போட்டு எவனுங்க வெதை வாங்குவான்? அடைச்சு உட்ருங்க.”

அடைத்தேன். வெளுத்த பக்கத்துக்கு ஊதா பூசினேன். இன்னும் கொஞ்சம் பெரிதாக, இன்னும் கொஞ்சம் பளபளப்பாக என்றார். தோளில் ஒரு வெள்ளைத் தீற்றல் வைத்தேன், எண்ணெய் தடவியதுபோல மின்னியது. மூன்றாவது மாதத்தில் யாரும் சொல்லாமலே அந்தத் தீற்றலை வைக்கக் கை பழகிவிட்டது.

எப்படி வரைய வேண்டும் என்று எனக்குக் காட்டுவதற்காக, ஒருநாள் அவருடைய அப்பாவின் பீரோவைத் திறந்துவிட்டார். உள்ளே பல ஊர், பல நாட்டு விதைக் கம்பெனிகளின் பழைய கேட்லாக்குகள் அடுக்கி வைத்திருந்தன. கதவைத் திறந்ததும் கரப்பான் எச்சத்தின் நாற்றம் முகத்தில் அடித்தது. தாள்களுக்கு நடுவே காய்ந்த முட்டை உறைகளும் உதிர்ந்த கால்களும் ஒட்டிக்கிடந்தன. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் பக்கங்களைத் தொட்டேன். ஆனாலும் ஒரு வாரம் அந்த பீரோவை விட்டு நகரவில்லை.

கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. செடியின் படம் என்பது அடையாளம் காண்பதற்கு. மூலிகையைத் தப்பாகப் பறித்தால் நோயாளி செத்துப்போவான் என்பதால்தான் அந்தக் காலத்தில் வேர், இலை, பூ, அறுத்த விதை என்று ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல் வரைந்தார்கள் என்று படித்திருந்தேன். அந்தப் படம் கடைக்குப் போன பிறகு என்ன ஆனது என்பதை பீரோவில்தான் பார்த்தேன். ஆகப் பழையவை வெறும் கறுப்புக் கோட்டில் செதுக்கி அச்சிட்டவை. நரம்பை எண்ணிவிடலாம். ஆனால் ஒரே முட்டைக்கோஸின் அச்சு இரண்டு கம்பெனிகளின் புத்தகத்தில், இரண்டு வேறு ரகங்களின் பெயரில் இருந்தது. பூச்சி அரித்த அதே மடிப்பு, அதே இடத்தில். அடுத்த அடுக்கில் இருந்தவற்றுக்கு யாரோ கையால் வண்ணம் தீட்டியிருந்தார்கள். ரோஜாவுக்கும் முள்ளங்கிக்கும் ஒரே சிவப்பு, கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. அதற்குப் பிறகு வந்தவை கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வண்ணம் ஏற்றி அச்சடித்தவை. அவற்றில் தக்காளிகள் விளக்கு வைத்ததுபோல எரிந்தன. ஒரு பூசணிக்காயை இரண்டு ஆட்கள் தூக்க முடியாமல் தூக்கினார்கள். ஒரு முட்டைக்கோஸின் மேல் ஒரு குழந்தை உட்கார்ந்து சிரித்தது.

வரைந்தவர்கள் சாதாரணக் கைகள் இல்லை. பட்டாணியின் பற்றுக்கம்பி சுருளும் இடத்தில் விழும் நிழலை அவர்கள் வரைந்ததுபோல என்னால் இன்றைக்கும் வரைய முடியாது. அவ்வளவு தெரிந்தவர்கள், தெரிந்தே அந்தப் பூசணியை வரைந்திருக்கிறார்கள். ஒரு படத்திலும் வரைந்தவர் பெயர் இல்லை. அவமானப்பட்டுப் பெயரை விட்டார்களா, கம்பெனி போட விடவில்லையா என்று அப்போது யோசித்தேன். என் படங்களிலும் பெயர் போடுவதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அடுத்த வருடம் கம்பெனி விதையோடு பூச்சிமருந்தும் ஏலக்காய் நாற்றும் விற்க ஆரம்பித்தது. கேட்லாக்கின் கடைசி எட்டுப் பக்கம் நோய்களுக்கும் பூச்சிகளுக்கும் என்று முதலாளி முடிவு செய்தார். எனக்குச் சந்தோஷம். ஓட்டையை அடைக்கச் சொல்ல இனி யாரும் இல்லை, அழுகினது அழுகினபடி வரையலாம் என்று நினைத்தேன். ஆடி மழையில் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று பஸ் மாறி மாறி ஏலமலைக்குப் போய் இறங்கினேன்.

நாற்று விற்கும் ஏஜெண்ட் எனக்காக ஏற்பாடு செய்திருந்த இடம் ஓர் அக்காவின் வீடு. முப்பது வருடம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எஸ்டேட் வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே வந்து, ஒரு ஏக்கருக்கும் குறைவான ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதற்குள்ளேயே இருந்த ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். கணவர் இறந்துவிட்டார், மகள் திருப்பூரில். தேயிலையைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. ஏலம் மூன்று வருடப் பழக்கம்தான். பெயிண்ட் பெட்டியோடு வந்த என்னை முதல் நாளே “டீச்சர்” ஆக்கிவிட்டார்.

பன்னிரண்டு நாள் அந்த வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அழுகலை வரைந்தேன். ஏலத்தில் பூவும் காயும் மேலே வராது. தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையோடு தரையாகப் படர்ந்து காய்க்கும். மழை விடாமல் அடித்தால் அந்தக் காய்கள் பழுப்பாகி, கொழகொழத்து, தொட்டால் தோல் கழன்று வரும். அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? ஏலக்காய் வாசனை போகாமலே அழுகும். பாயசத்துக்குள் எலி செத்துக் கிடந்ததுபோல இருக்கும். மேசையில் வாழையிலை விரித்து அதில் காய்களைப் பரப்பியிருந்தேன். மூன்றாம் நாள் அதிலிருந்து ஒரு நீர் கசிந்தது. நத்தைகள் வந்தன. பெயிண்ட் பெட்டிக்குள், பச்சைக் குழாய்க்கும் நீலக் குழாய்க்கும் நடுவில், ஓர் அட்டைப்பூச்சி சுருண்டு கிடந்தது.

“இந்த நாத்தத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டு உங்களுக்கு எப்படித்தான் சோறு இறங்குது டீச்சர்?” என்று அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். சாப்பிடும் முன் அவர் கண்ணை மூடி ஜெபம் செய்வார். அந்தப் பன்னிரண்டு நாளும் ஜெபம் மிகவும் சுருக்கமாக முடிந்தது.

எனக்குச் சோறு இறங்கியது. சரியாக வரைந்துகொண்டிருந்ததால் அந்த அழுகல் எனக்கு அருவருப்பாகவே இல்லை.

கடைசியாக வரைய வேண்டியது கட்டே நோய். பக்கத்துத் தோட்டத்துக் கண்காணி ஒரு தூரைக் காட்டினார். இந்த நோய்க்கு மருந்து கிடையாது, பேன் மாதிரி ஒரு பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும், கண்டால் வேரோடு பிடுங்கி எரிப்பதுதான் ஒரே வழி, விட்டால் தோட்டமே காய்க்காமல் போய்விடும் என்றார். நான் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பச்சையாகத்தான் இருந்தது. அவர் குருத்தை ஒட்டிய இளம் இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நடுநரம்பிலிருந்து ஓரம் வரை, நரம்போடு நரம்பாக, விட்டு விட்டு மெல்லிய வெளிர்பச்சைக் கோடுகள். அவ்வளவுதான் நோய்.

அந்த ஒரு இலைக்கு மூன்று நாள் ஆனது. வெளிர்பச்சையைப் பச்சையின் மேல் பூசினால் வராது. தாளின் வெள்ளையை விட்டு விட்டு, சுற்றிலும் பச்சையை ஏற்ற வேண்டும். முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நோவு எங்கருக்கு? ஒண்ணும் தெரியலையே.”

“கிட்ட வந்து பாருங்க அக்கா. மெல்லிசா கோடு.”

நிஜ இலையை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். திரும்பவும் இலையைப் பார்த்தார். “ஆமா டீச்சர். அதுவும் இதுவும் ஒண்ணாத்தான் இருக்கு,” என்றார். என் படத்தை யாரும் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை.

கம்பெனிக்குத் திரும்பி வந்து படங்களை மேசையில் பரப்பினேன். அழுகலைப் பார்த்து முதலாளி முகம் சுளித்தார், ஆனால் பிடித்துப்போனது. கட்டே இலையை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நோவே தெரியலீங்களே அம்மிணி.”

“நெசத்துலயும் அப்படித்தானுங்க சார். வெளிச்சத்துல புடிச்சாத்தான் தெரியும்.”

“சனங்க கேட்லாக்க வெளிச்சத்துல புடிச்சா பாப்பாங்க? இதப் பாத்தா எவனும் பயப்படமாட்டான். நல்லா மஞ்சளா, பட்டை பட்டையா அடிச்சு உடுங்க. எலை முழுக்க.”

கேட்லாக்கில் அதன் எதிர்ப்பக்கத்தில் என்ன வரப்போகிறது என்பது எனக்குத் தெரியும். கம்பெனியின் நோயில்லா ஏல நாற்று, அதையும் நானே வரைந்திருந்தேன், இலையின் மேல் வெள்ளைத் தீற்றலோடு.

“அப்படி மஞ்சளா அடிச்சா அது கட்டே இல்லீங்க சார். வெயில்ல வெந்த எலை மாதிரி ஆயிடுமுங்க. நல்ல செடியப் புடுங்கிடுவாங்க.”

அவர் வறுவல் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். “புடுங்குனா நாத்து வாங்கோணுமில்லீங்க,” என்றார். சிரிக்கவில்லை. மறைத்தும் பேசவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. எலுமிச்சை மஞ்சள் குழாயைப் பிதுக்கினேன். தண்ணீர் அதிகம் சேர்க்காமல் கெட்டியாக, நடுநரம்பிலிருந்து ஓரத்துக்குப் பட்டை பட்டையாக இழுத்தேன். மூன்று நாள் விட்டு வைத்திருந்த வெள்ளையெல்லாம் இருபது நிமிடத்தில் மூடிப்போனது. ஓரங்களில் கொஞ்சம் பழுப்பும் சேர்த்தேன். அதை அவர் கேட்கவில்லை, நானாகவே சேர்த்தேன். “இப்பத்தானுங்க நோவு மாதிரி இருக்குது,” என்று அவர் சொன்னபோது எனக்குள் கொஞ்சம் மகிழ்ச்சிகூட ஏற்பட்டது. இதை எழுதும்போதும் அந்த மகிழ்ச்சியை நினைத்தால் எச்சில் கசக்கிறது.

கேட்லாக் அச்சாகி வந்தது. மலைக்கும் போனது. அடுத்த சித்திரையில் ஒருநாள் மதியம், வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது.

“டீச்சர், ஸ்தோத்திரம். நல்லாருக்கீங்களா? உங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு கூப்பிட்டேன். உங்க படத்தால என் தோட்டம் தப்பிச்சுச்சு.”

“என்ன அக்கா ஆச்சு?”

“கட்டே வந்துருச்சுல்ல. மேல் வரிசை அம்புட்டும். உங்க புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே மஞ்சளா, பட்டை பட்டையா. கேட்லாக்க கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு செடியா ஒத்துப் பாத்தேன். நாப்பது தூருக்கு மேல பிடுங்கிப் போட்டுட்டேன். தனியாத்தான் பிடுங்குனேன், இடுப்பு விட்டுப்போச்சு. ஏஜெண்ட்டுக்கிட்ட நாத்துக்குச் சொல்லியாச்சு.”

தட்டில் அம்மா ஊற்றிய மாம்பழப் புளிசேரி. அந்த மஞ்சள் சோற்றின் ஓரத்தில் பட்டையாக வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினேன். அழுகல் நாற்றத்தில் பன்னிரண்டு நாள் சோறு தின்ற வயிறு அது.

போனில் சொல்லும் விஷயமில்லை என்று மறுநாளே கிளம்பினேன். அக்கா வாசலில் நின்று சிரித்தார். டீ போடப் போனவரைத் தடுத்து, முதலில் தோட்டத்தைப் பார்க்கலாம் என்றேன்.

மேல் வரிசையில் குழிகள்தான் இருந்தன. பிடுங்கிய தூர்கள் வேலி ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அடியில் கிடந்தவை புழுங்கி அழுக ஆரம்பித்திருந்தன. மேலே கிடந்தவற்றின் தூரில் புதுச் சரங்கள் கிளம்பியிருந்தன, இரண்டு விரல் நீளத்துக்கு, மொட்டோடு. வேரில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. நான் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் எல்லாம் முதிர்ந்த இலைகளில், அதுவும் ஒரே பக்கமாக. குருத்து இலைகளை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். ஒரு கோடு இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மேலே வானம் தெரிந்தது. போன மழையில் அங்கே நின்ற நிழல் மரம் சாய்ந்திருக்கிறது. கோடை முழுக்க அந்த வரிசை வெயிலில் வெந்திருக்கிறது.

“அக்கா, இது கட்டே இல்ல. வெயில்.”

“என்ன டீச்சர் சொல்றீங்க? படத்துல அப்படியே இருக்கே.”

“படம் தப்பு.”

அவருக்கு முதலில் புரியவில்லை. அச்சடித்தவர்கள் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்றே நினைத்தார். “அப்ப அச்சாபீஸ்காரன் பண்ணுன வேலையா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு இறங்கியிருக்கலாம். ஒரு கணம் அந்த எண்ணம் வரவும் செய்தது.

“இல்ல அக்கா. நான்தான் பண்ணுனேன். உங்க வீட்டுல உக்காந்து வரைஞ்சது சரியான படம். அங்க போனப்புறம் முதலாளி சொன்னாருன்னு அது மேல மஞ்சளப் பூசிட்டேன். நாத்து விக்கணும்னு.”

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு குவியலைப் பார்த்தார்.

“அன்னைக்கு நீங்க காட்டுனது வேற மாதிரி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருந்துச்சு டீச்சர்,” என்றார். “இல்லாம இல்ல. நானே என் கண்ணால இலையையும் படத்தையும் பாத்தேன்ல. ஆனா புஸ்தகத்துல போட்டா அதுதான சரியா இருக்கும், நமக்கென்ன தெரியும்னு நெனைச்சேன்.”

நான் அழுதேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

“மன்னிக்கிறதெல்லாம் ஆண்டவர் வேலை. அத அவருகிட்ட கேளுங்க. என்கிட்ட கேக்குறதா இருந்தா மம்பட்டிய எடுங்க. மிச்சம் இருக்கிறதுல எது நல்லது எது கெட்டதுன்னு காட்டுங்க.”

வரிசை வரிசையாக இறங்கினோம். ஒவ்வொரு தூரிலும் இளம் இலையை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினேன். ஓடையை ஒட்டிய கடைசி வரிசையில் ஒரு தூர் நல்ல பச்சையாக நின்றது. இலையைப் பிடித்ததும் கோடுகள் தெரிந்தன, நரம்போடு நரம்பாக. அக்காவின் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார். அந்தச் செடியைத்தான் நன்றாக இருக்கிறதென்று இரண்டு தடவை உரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இருவரும் சேர்ந்து வெட்டிக் கிளப்பினோம். பக்கத்தில் இன்னும் நான்கு தூர்கள் அதேபோல. அன்று மாலைக்குள் அந்த ஐந்தையும் எரித்தோம். பச்சைச் செடி சட்டென்று எரியாது. வெளுத்த புகை கண்ணையும் தொண்டையையும் கரித்தது. அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டார். ஏஜெண்ட்டிடம் சொன்ன நாற்று வேண்டாம் என்று மறுநாள் காலையில் சொல்லி அனுப்பினார்.

ஊருக்கு வந்ததும் சரியான கட்டே இலையைத் திரும்ப வரைந்து கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னேன். அடுத்த பதிப்பிலாவது இதைப் போடுங்கள், கடைகளுக்கு ஒரு திருத்தம் அனுப்புங்கள் என்றேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும், வெளியே பாக்கெட் ஒட்டும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி கோபப்படவில்லை. “ஏனுங்க அம்மிணி, நானா பூசுனேன்? உங்க கையிதானுங்களே பூசுச்சு,” என்றார்.

அவரைப் பார்த்தால் வந்த குமட்டலும் என் கையைப் பார்த்தால் வந்த குமட்டலும் ஒன்றாகத்தான் இருந்தன. புதிய படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அத்தனை வருடம் வரைந்தவை எல்லாம் கம்பெனியுடையவை, அவற்றைக் கேட்கவும் முடியாது. அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. இப்போது ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சீட்டெழுதுகிறேன்.

மறு வருடக் கேட்லாக்கை எங்கள் ஊர் உரக்கடையில் பார்த்தேன். வரைய ஆள் வைக்கவில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் ஏ.ஐ.யிடம் சொல்லி வாங்கிய படங்கள். தக்காளிகள் கண்ணாடியில் ஊதியவை போல இருந்தன. கத்திரிச் செடியில் இலை வேறெதோ செடியுடையது. ஏலச்செடியில் காய்கள் மேலே, இலைக் கக்கத்தில், கொத்துக்கொத்தாகத் தொங்கின. ஏலம் தூரில் காய்க்கும் என்பது தெரியாத ஒரு ஆள்கூட மலையில் கிடையாது. அந்த பீரோவில் இருந்த பூசணிக்காரர்களுக்காவது பூசணி எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தது. பொய்யைத் தெரிந்து சொன்னார்கள். இங்கே சொல்பவனும் இல்லை, தெரிந்தவனும் இல்லை. கடைக்காரர் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். யாராவது சிரிப்பார்கள் என்று நின்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசி எட்டுப் பக்கத்தைப் பிரித்தேன். எல்லாவற்றையும் மாற்றியவர்கள் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. என் மஞ்சள் இலை அப்படியே இருந்தது. நன்றாக விற்றுக்கொடுத்ததை யார் மாற்றுவார்கள்?

அரசு விவசாய அலுவலகமான கிருஷிபவனுக்குப் போய்ச் சொன்னேன். அபேட்சை என்று ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். பிறகு நானே ஒரு தாளில் நான்கு இலைகளை வரைந்தேன். கட்டே, வெயிலில் வெந்தது, சத்துக் குறைவு, நல்ல இலை. கீழே இரண்டு மொழியிலும் இரண்டிரண்டு வரி. வண்ண நகல் எடுத்துக் கொஞ்சம் அக்காவுக்கு அனுப்பினேன். ஒன்றை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துக் கண்காணி அவருக்கு நல்ல தூரிலிருந்து கன்று பிரித்துக் கொடுத்திருக்கிறார். மேல் வரிசையில் திரும்பவும் நட்டாயிற்று. நிழலுக்கு மரக்கன்றும் வைத்திருக்கிறார். அந்த வரிசை இனிக் காய்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும். எனக்கு அவர் எப்போதாவது போன் செய்வார். “ஸ்தோத்திரம்” சொல்வார். டீச்சர் என்றும் கூப்பிடுவார். ஆனால் பேச்சு செடியோடு நின்றுவிடும்.

போன ஆடியில் போயிருந்தேன். காயை உலர்த்தப் போட வந்தவர்கள் ஸ்டோர் திண்டில் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். ஒருவர் சட்டைப்பையிலிருந்து கேட்லாக்கை எடுத்துப் பிரித்து, சுவரில் இருந்த என் தாளோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல ஒண்ணும் வெளங்கலையே. மங்கலா இருக்கு,” என்றார் என் படத்தைக் காட்டி. “புஸ்தகத்துல எம்புட்டுத் தெளிவா போட்டிருக்கான் பாருங்க.”

வரைந்தது யார் என்று அவருக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கும் முன் அக்கா சாக்கை இறக்கி வைத்தார்.

“தெளிவா இருந்துச்சுன்னுதான்ய்யா நான் நாப்பது தூரைப் பிடுங்குனேன்,” என்றார்.

அவர் அக்காவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து என் தாளைப் படம் பிடித்துக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. கேட்லாக்கையும் நனையாமல் மடித்துத் திரும்பச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.